அஞ்சேகால் பஸ்ஸும் எங்கள் நாலு பக்கத் தாளும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட என் வாயாலேயே வந்துவிடுவது நல்லது. எங்கள் பள்ளியின் மாணவர் இதழ் முதன்முதலாக வந்தபோது மொத்தம் நாலு பக்கம். நாலிலும் என் போட்டோ இருந்தது. முதல் பக்கத்தில் நான் இதழை வெளியிடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் வெளியிட்ட இதழைப் படிக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் மரம் நடுவிழாச் செய்தி. நட்ட மரம் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். கடைசிப் பக்கத்தில் ‘பொறுப்பாசிரியர்’ என்ற பட்டத்துக்கு மேல் பாஸ்போர்ட் அளவில் சிரிக்கிறேன். தலைமையாசிரியை அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏனுங்க சார், நம்ம ஸ்கூல்ல பசங்க யாரும் படிக்கலீங்களா?”

நான் தமிழாசிரியர். மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மலையைப் பார்த்து ஒரு சாலை உள்ளே பிரியும். அந்தச் சாலையில் இருக்கிறது எங்கள் மேல்நிலைப் பள்ளி. ‘நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம்’ என்ற பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவன் நான். சொந்தமாக ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கிறேன். ராசிபலனில் ஒரு வாரம் என் ராசி விட்டுப்போயிருந்தது, அதற்கு. இந்தத் தகுதியைப் பார்த்துத்தான் இதழ் வேலையை என் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். அதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னது மட்டும் என் மனதில் நின்றது. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். யார்மேல் குறை சொல்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சில் ஏற்றக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின்னால் சொன்னதெல்லாம் தயிர்சாதத்தோடு போய்விட்டது. வகுப்புக்கு வந்து இந்த இரண்டையும் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டேன். வாசலில் கோலம் போடுவது போல, ஓர் அழகுக்குத்தான். அதை ஒரு பிள்ளை நிஜமென்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவு. வகுப்பில் பேசவே மாட்டாள். அவளுடைய அப்பா மோட்டார் பம்பு செய்கிற பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். தாத்தா வரைக்கும் பிறர் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பம். அந்த வீட்டிலிருந்து பதினோராம் வகுப்பு வரை வந்த முதல் பெண் இவள். ஊர் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், உள்ளே தள்ளி இருக்கிறது. மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து போவதற்கு அவளுக்கு இருப்பது ஒரே ஒரு டவுன் பஸ். மலையடிவாரத்திலிருந்து வந்து, எங்கள் பள்ளி வாசலைத் தொட்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டைக் கடந்து அவள் ஊரில் போய்த் திரும்புகிற பஸ். அதற்குப் பேரே அஞ்சேகால் பஸ்தான்.

அந்த பஸ் சில நாள் நிற்கும். பல நாள் நிற்காது. தூரத்தில் எங்களைப் பார்த்ததும் ஒரு முக்கு முக்கி, வேகமெடுத்து, புழுதியை எங்கள்மேல் வாரி இறைத்துவிட்டுப் போகும். எனக்கென்ன, மெயின் ரோடு இரண்டு நிறுத்தம்தான். ஏதாவது ஒரு ஸ்கூட்டரின் பின்னால் தொற்றிக்கொண்டு போய், அங்கே டவுனுக்குப் போகிற பஸ் எதிலாவது ஏறித் துடியலூர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்கு அப்படியில்லை. மெயின் ரோடு வரை நடந்து, அங்கே இருட்டும் வரை காத்திருந்து, கிடைத்த வண்டியில் ஏறி, விளக்கில்லாத தென்னந்தோப்பு ஓரமாக ஊருக்குள் போக வேண்டும்.

செய்தி எழுதுங்கள் என்று நான் சொன்ன அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் ‘மழைநீர் சேகரிப்பு’ என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். இவள் மட்டும் பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தாள்.

“இது யாரு சொன்னது கண்ணு, எழுதச் சொல்லி?”

“யாரும் சொல்லலீங்க சார். எங்கப்பா சொல்லிட்டாருங்க. பஸ்ஸு இப்புடியே நிக்காமப் போச்சுன்னா பரீட்ச முடிஞ்சதும் டிசி வாங்கிரலாம்னு. பக்கத்துல இருக்கற ஸ்கூல்ல சேத்துடறாராமா.”

“அதுவும் நல்ல ஸ்கூல்தானே?”

“அங்க பயாலஜி இல்லீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு நர்ஸிங் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் உடனே அழகாக ஆறுதல் சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பையும் கொடுக்கவில்லை.

அவள் எழுதியது மொத்தமே இவ்வளவு: அஞ்சேகால் பஸ் சில நாள் நிற்கிறது. பல நாள் நிற்பதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு தமிழாசிரியனிடம் இப்படி மொட்டையாக மூன்று வரி கிடைத்தால் சும்மா இருப்பானா? அன்று இரவு சாப்பிடாமல்கூட உட்கார்ந்து எழுதினேன். ‘கல்விக்கண் திறக்கக் காத்திருக்கும் மலர்மொட்டுகளைக் கானல்நீராய் ஏமாற்றி விரைந்தோடும் இரும்பு இதயம்’ என்று தொடங்கி, பிள்ளைகளின் கண்ணீர் அந்த நிறுத்தத்தில் ஆறாக ஓடுவதாக முடித்திருந்தேன். மறுநாள் அவளிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். பாராட்டு வரும்போது பணிவாக இருக்க வேண்டும் அல்லவா.

அவள் நிதானமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்.

“சார், இதுல பஸ்ஸு எதுங்க?”

“இரும்பு இதயம்தான் கண்ணு பஸ்.”

“யாரு சார் அழுதாங்க?”

“யாருமே அழுகலியா?”

“இல்லீங்களே. நாங்க சுண்டல் தின்னுட்டு நின்னோமுங்க.”

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில்தான் அது வேறொன்றாக மாறியது. இத்தனை வருடமாக நான் ‘கண்ணீர் ஆறு’ என்று எழுதி எழுதி மதிப்பெண் வாங்க வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூட ‘யார் அழுதார்கள்’ என்று கேட்டதில்லை.

அடுத்து அவள் கேட்டதுதான் என்னைச் சிக்க வைத்தது. பஸ் ஏன் நிற்பதில்லை என்பதற்கு ஊரில் எல்லோருக்கும் ஒரு பதில் இருந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ், நிறுத்தத்தில் நிற்பதெல்லாம் பெண் பிள்ளைகள், அதனால்தான் டிரைவர் நிறுத்துவதில்லை. எனக்கும் அதே பதில்தான். ‘அதையே தலைப்பாப் போடு’ என்றேன்.

“டிரைவர் அண்ணங்கிட்ட கேக்கணுங்க சார்.”

“எதுக்கு? ஊரே சொல்லுது.”

“நீங்கதானுங்க போர்டுல எழுதுனீங்க.”

கோலம் என்று நினைத்தேன், அவள் அதன்மேல் கால்வைத்து நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய ஊரில் பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. பஸ் காலை நடை வந்து நிற்கும்போது அங்கே டிரைவரும் கண்டக்டரும் கொஞ்ச நேரம் இளைப்பாறுவார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே போய்க் கேட்பதாக ஏற்பாடு. பொறுப்பாசிரியர் இல்லாமல் பேட்டியா என்று நானும் போனேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கேள்விகளைச் சொல்லிப் பார்த்துவிட்டு வேறு போயிருந்தேன்.

டிரைவருக்கு நடுத்தர வயது. கழுத்தில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“வாங்க சார். உக்காருங்க சார். இல்லீங்க, நீங்க மொதல்ல உக்காருங்க.”

கண்டக்டர் பக்கென்று சிரித்துவிட்டு டீயைத் துப்பாமல் விழுங்கினார். என்ன வேடிக்கை என்று எனக்கு விளங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“எமது பள்ளி நிறுத்தத்தில் தாங்கள் பேருந்தை நிறுத்தாமல் செல்வது குறித்துத் தங்கள் கருத்து என்ன?”

டிரைவர் முகம் கடையின் ஷட்டர் மாதிரி கீழே இறங்கிவிட்டது. “அதெல்லாம் நிறுத்தித்தானுங்க போறோம்” என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க சித்த நேரம் அக்கட்டால போயி மலையப் பாத்துட்டு இருங்க சார்.”

போய் மலையைப் பார்த்தேன். நல்ல மலைதான். ஆனால் ஒரு கண்ணால்தான் பார்த்தேன். மறு கண் டீக்கடையில் இருந்தது.

அவள் கேள்வி என்று ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பாள், வாயசைவில் தெரிந்தது. பிறகு கையில் பிடித்திருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். டிரைவரும் சும்மா இருந்தார். ஒரு பால் வண்டி போனது. அவள் அவசரப்படவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு ஒருவர் முன்னால் நின்றால் அவருக்கு ஏதோ கடன்பட்டுவிட்டது போல ஆகிவிடும். ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும். டிரைவர் நிரப்ப ஆரம்பித்தார்.

அவர் சொன்னது என் காதில் விழவில்லை. செய்ததைத்தான் பார்த்தேன். பெஞ்சிலிருந்து எழுந்தார். வலது கையை நீட்டி யாரையோ முன்னால் போகச் சொன்னார். உடனே இந்தப் பக்கம் தாண்டி நின்று, இடது கையை நெஞ்சில் வைத்து, குனிந்து, மறுத்தார். மறுபடி அந்தப் பக்கம் போய் வலது கையை நீட்டினார். கண்டக்டர் வாயில் இல்லாத விசிலை ஊதி ஊதிக் கன்னம் உப்பினார். கல்யாண மண்டபத்து வாசலில் சம்பந்தி வரவேற்பைப் பற்றி ஏதோ கதை சொல்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். பேட்டி திசைமாறிப் போய்விட்டதே என்று அவளுக்காக வருத்தப்படவும் செய்தேன்.

திரும்பி வந்தவளிடம், “என்ன சொன்னாரு?” என்றேன்.

“அத எழுத வேண்டாம்னுட்டாருங்க. மெமோ குடுத்துருவாங்களாமா.”

“சரி, எங்கிட்டயாச்சும் சொல்லு.”

“எனக்குச் சொன்னதுங்க சார் அது.”

பொறுப்பாசிரியரிடமே சொல்லாத செய்தியாளர். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கோவிலில் திரை விலகும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அதுபோல ஒன்று. அவள் வயதில் நான் ரகசியம் காத்த ஒரே விஷயம் என் மதிப்பெண்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. மாலையில் நிறுத்தத்தில் எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல், எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிற திசையைப் பார்க்கவில்லை. அது எனக்கு விநோதமாக இருந்தது. அதன்பின் ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“சார், ஒரு அஞ்சு நிமிசம் இருக்குங்களா?”

“வா கண்ணு. முடிச்சுட்டியா?”

“இல்லீங்க. உங்க தரப்பு வேணுங்க.”

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். கல்வியாளர் என்ற முறையில் கருத்துக் கேட்கிறாள் போலிருக்கிறது. கிராமப்புறப் பெண்கல்வி, போக்குவரத்து, நாட்டின் எதிர்காலம் என்று பேசிக்கொண்டே போனேன். அவள் பேனாவை எடுக்கவே இல்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டாள்.

“வெள்ளிக்கெழம பொழுதோட பஸ்ஸு நின்னுச்சுங்களே சார். எப்புடி ஏறுனீங்க?”

“காலாலதான்.”

அவள் சிரிக்கவில்லை. டீக்கடையில் நின்றது போலவே நின்றாள். அந்த வித்தை எனக்குத் தெரியும், மலைப்பக்கம் நின்று என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இருந்தும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“பிசிக்ஸ் சார் முன்னாடி நின்னாரு. வயசுல பெரியவரு. நீங்க ஏறுங்கன்னேன்.”

“அவருங்க?”

“இல்லீங்க, நீங்க ஏறுங்கன்னாரு.”

“அப்பறமுங்க?”

“மேத்ஸ் டீச்சர் வந்தாங்க. லேடீஸ் மொதல்ல ஏறட்டும்னு நாங்க ரெண்டு பேரும் வெலகிட்டோம்.”

“டீச்சருங்க?”

“பெரியவங்க நிக்கறப்ப நான் எப்புடீங்க ஏறறதுன்னாங்க.”

“கண்டக்டர் அண்ணன்?”

“விசில் ஊதிட்டே இருந்தாரு.”

“நாங்கெல்லாம் எங்க நின்னோமுங்க சார்?”

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த பஸ்ஸில் பின்கதவை மூடியே வைத்திருப்பார்கள், பையன்கள் தொங்குகிறார்கள் என்று. எல்லோரும் முன்படியில்தான் ஏற வேண்டும். படியில் நாங்கள் மூன்று பேர் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நிற்கிறோம். சார் ஏறாமல், டீச்சர் ஏறாமல் எந்தப் பிள்ளையும் ஏறாது. அது எங்கள் பிள்ளைகளின் வளர்ப்பு. மொத்தக் கூட்டமும் எங்கள் முதுகுக்குப் பின்னால் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதற்குள் மேட்டுப்பாளையம் ரயிலுக்குக் கேட் போட்டுவிடுவார்கள். கேட்டில் மாட்டினால் பஸ்ஸுக்கு அடுத்த நடை தாமதம். டிரைவருக்கு மெமோ.

டீக்கடையில் அவர் நடித்துக் காட்டியது சம்பந்தி வரவேற்பு இல்லை. வலது கை பிசிக்ஸ் சார். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தது நான்.

“ஒருத்தரா இருந்தாப் பரவால்லீங்க சார்” என்றாள் அவள், மிக மெதுவாக, எனக்கு வலித்துவிடக் கூடாது என்பது போல. “நீங்க லீவு போட்ட அன்னிக்கெல்லாம் பஸ்ஸு நின்னுருக்குதுங்க. பிசிக்ஸ் சார் லீவு போட்டாலும் நிக்குதுங்க. ரெண்டு பேரும் சேந்து நிக்கறது தூரத்துல தெரிஞ்சாத்தான் நிக்கறதில்லீங்க. வெள்ளிக்கெழம பஸ்ஸு நின்னதுக்கப்பறந்தான் நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க.”

நிற்காத பஸ்ஸுக்கு எதிராக இரும்பு இதயம் என்று எழுதியவன் நான். நிற்காததற்குக் காரணமும் நான். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவள் மட்டும் பேனாவைத் திறந்து, “இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்றாள். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பக்கம்கூட இல்லை. முதல் வரிகளைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இப்படி இருந்தது:

‘இதை எழுதுகிறவளும் அந்த நிறுத்தத்தில் நிற்கிறவள். பஸ் நின்றால் இவளுக்கு லாபம். அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.’

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சியில் சாப்பாட்டுக்குப் பின்னால் சொன்னார்களோ என்னவோ, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. டிரைவர் பேச்சு எதுவும் அதில் இல்லை. ‘அவரு வழி காட்டுனாருங்க, எழுதுனது நான் பாத்தது’ என்றாள். வேப்பமரத்தடி எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டணமில்லாத டிக்கெட்தான் காரணம் என்று ஊர் சொல்வதையும், அப்படியானால் ஆசிரியர்கள் இல்லாத நாளில் அதே பெண் பிள்ளைகளுக்கு பஸ் ஏன் நிற்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். பிறகு நாங்கள் படியில் நிற்கிற காட்சி. அதன் கடைசி வரி: ‘இதில் யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. அதற்குள் கேட் போட்டுவிடுகிறார்கள்.’ முடிவில் இரண்டே வாக்கியம். ‘நிறுத்தாமல் போவதும் தவறு, நிறுத்தினால் ஏறாமல் நிற்பதும் தவறு. இரண்டாவதை நாமே சரிசெய்துகொள்ளலாம்.’

ஒரு பத்து தடவையாவது படித்திருப்பேன். அழகான சொல் என்று ஒன்றுகூட அதில் இல்லை. எதை எடுத்தாலும் விழுந்துவிடும், எதைச் சேர்த்தாலும் சரிந்துவிடும். நான் படித்ததும் படிப்பித்ததும் எல்லாம் அந்த ஒரு தாளுக்கு முன்னால் வாயடைத்து நின்றன. பிறகு என் புத்தி மறுபடி வேலையைக் காட்டியது. அதில் ‘தமிழாசிரியர்’ என்று பளிச்சென்று இருந்தது.

“ஏங்கண்ணு, ‘தமிழாசிரியர்’ங்கற எடத்துல ‘சிலர்’னு போட்டுக்கலாமா? படிக்க இன்னும் நல்லா இருக்கும்.”

“சிலர்னா பி.டி. சாருன்னு நெனச்சுக்குவாங்க சார். அவரு பைக்குல போறவருங்க.”

தாளைத் தலைமையாசிரியை அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்; நடுவில் ஒரு இடத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார். “பொறுப்பாசிரியர் நீங்கதானுங்க. நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ஆனா பிசிக்ஸ் சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

பிசிக்ஸ் சார் ஓய்வுபெறப் போகிறவர். யார் மனதையும் ஒரு சொல்லால்கூடத் தொடாத மனிதர். ஆய்வகத்தில் அவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, நிறமாலைமானியைப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டு நின்றேன். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட மாட்டோம். அவள் டிசி வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

“இத்தன வருசமா ஒருத்தருக்கொருத்தர் மரியாத குடுத்தது தப்புங்களா சார்?” என்றார். குரல் உடைந்திருந்தது.

“தப்புன்னு சொல்லலீங்க. கேட் போட்டுடறாங்கன்னு சொல்றா.”

மறுபடி படித்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

“யாருக்கும் கோவம் இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே இந்த அம்மணி.”

“ஆமாங்க.”

“இத நெம்ப கவனிச்சு எழுதியிருக்குதுங்க.” மடித்துக் கொடுத்தார். “போட்டுருங்க சார். எம் பாடத்தையும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க, ‘இயற்பியல் ஆசிரியர்’னு. சின்ன எழுத்துன்னா எனக்குப் படிக்க வராது.”

போட்டோம். நிறுத்தத்தின் தூணிலும் ஒரு பிரதி ஒட்டினோம். முதல் நாள் பஸ் வழக்கம்போல முக்கிக்கொண்டு பறந்துவிட்டது. தாள் ஒட்டியது டிரைவருக்கு எப்படித் தெரியும்? நான் உடைந்துபோனேன். அவள் உடையவில்லை. அடுத்த நாள் பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிறுத்தினாள், பெண்கள், பையன்கள் என்று. ஆசிரியர்கள் மூவரும் வரிசைக்குக் கடைசியில். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைகள்தான் தெரிவார்கள், எங்கள் தலை தெரியாது. பஸ் வேகம் குறைந்தது. நின்றது. பிள்ளைகள் மடமடவென்று ஏறிவிட்டார்கள். விசில் ஊதுவதற்குள் படி காலி. நான் அதுவரை அந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு வேகம் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மேத்ஸ் டீச்சர் ஏறினார். நானும் பிசிக்ஸ் சாரும் மீதி.

“நீங்க ஏறுங்க, நான் கடைசியா வாரேன்” என்றார் அவர்.

“இல்லீங்க, கடைசியா நான் வாரேனுங்க” என்றேன் நான்.

பஸ் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஜன்னல்களிலிருந்து அத்தனை பிள்ளைகளும் கை காட்டினார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டி அது போவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் நடந்தோம். பிசிக்ஸ் சார் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பஸ் நின்றது. ஒரு நாள் நின்றது, அடுத்த நாள் நின்றது, பிறகு நிற்பதைக் கவனிக்கவே விட்டுவிட்டோம். தை போய் மாசி வந்தது. பரீட்சை முடிந்தது. அவள் அப்பா என்ன முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. அவளும் சொல்லவில்லை. அலுவலகப் பக்கம் யாராவது பெற்றோர் வந்தால் லேத் பட்டறை ஆள் போலத் தெரிகிறாரா என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

கடைசி வேலைநாள் மாலையில் அஞ்சேகால் பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கடைசியாக ஏறி, கூட்டத்தில் நெளிந்து நெளிந்து அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். கேட் திறந்திருந்தது. பஸ் தண்டவாளத்தின்மேல் குலுங்கி ஏறி இறங்கியது. நேராகக் கேட்க வாய் வரவில்லை.

“ஏங்கண்ணு, இந்த பஸ்ஸு இப்பெல்லாம் தெனமும் நிக்குதுன்னு அப்பா காதுல ஏதாச்சும் விழுந்துச்சுங்களா... இல்ல, அவரு அன்னிக்கு ஏதோ சொல்லியிருந்தாராமில்ல, பரீட்ச முடிஞ்சதும்னு, அதப்பத்தி ஊட்ல ஏதாச்சும் பேச்சு கீச்சு வந்துச்சான்னு... தெரிஞ்சுக்கலாம்னுதான், வேறொண்ணுமில்ல.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“டிசி வாங்கலீங்க சார்.”